நடக்க விடாத ரோடு

எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் நல்லவர்கள். அதனால்தான் நான் அத்தனை பேரோடும் சண்டை போட வேண்டியதாயிற்று.

நம்பாவிட்டால் ஒரு நாள் காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கிச் சும்மா நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், எங்காவது ஒரு வேம்பு. இந்த வெயிலில் ஒருவர் நடந்து போகிறார் என்றால் அவருக்கு ஏதோ கஷ்டம் என்றுதான் இங்கே அர்த்தம். பின்னால் வருகிற முதல் பைக் நிற்கும். "ஏறுங்க" என்பார்கள். "இல்லைங்க, நடக்கத்தான் வந்தேன்" என்றால் கேலி செய்கிறீர்கள் என்று நினைப்பார்கள். "அட, ஏறுங்கங்கிறேன்ல" என்று குரல் உயரும். அதற்கு மேலும் மறுத்தால் மனம் புண்பட்டுவிடும். அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ரோட்டில் என் வீட்டுக்காரரைத் தினமும் நடக்க வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அவர் பஸ் டிரைவர். பரளச்சியில் புறப்பட்டு, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாகச் சாத்தூர் போய்த் திரும்புகிற தனியார் பஸ். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பார்த்ததைவிட அந்த ரோடு அவரை அதிகம் பார்த்திருக்கிறது. எந்த வளைவில் ஆடு குறுக்கே வரும், எந்த ஸ்டாப்பில் எந்தக் கிழவி ஓடிவருவாள் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. வேறு யார் ஓட்டுகிற வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். பிரேக் போடுகிறாராம். கல்யாணத்துக்குக் காரில் கூட்டிப்போனால் போய்ச் சேரும்வரை கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. நானும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நிஜ வியாதி வந்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அது சந்தோஷமாக வந்ததுதான் காரணம். திடீரென்று மனுசனுக்குத் தூக்கமே வேண்டாமென்று ஆகிவிட்டது. கோழி கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து தெருவில் நிற்கிற பைக்கையெல்லாம் கழுவினார். வாசல் கிரில் கேட்டுக்குப் பச்சை அடித்தார், மறுநாளே அதன்மேல் நீலம் அடித்தார். சொந்தமாக ஒரு பஸ், அப்புறம் நாலு பஸ் என்று பேச ஆரம்பித்தால் நிற்காது. சோறு ஆறிப்போகும். பஸ்ஸுக்குப் போவார், வருவார், அசதியே கிடையாது. நான் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறவள். மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்கு இருபது வயசு திரும்பிருச்சு" என்று பெருமையடித்தேன். இந்த ஊரில் தூங்காமல் வேலை செய்கிறவனை டாக்டரிடம் யாராவது கூட்டிப்போவார்களா? ஆரத்தி அல்லவா எடுப்பார்கள்!

கொஞ்ச நாளில் எல்லாம் அணைந்துபோனது. பரளச்சிக்கு முந்தின வளைவில் ஒரு வேப்பமரம் உண்டு. ஒரு நாள் அதன் அடியில் பஸ்ஸை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பஸ் நிறைய ஆட்கள். கண்டக்டர் தம்பி ஓடிவந்து என்னண்ணே என்று கேட்டதற்கு, "என்னால முடியலடா தம்பி" என்று மட்டும் சொன்னாராம். அந்தத் தம்பிதான் ஆட்டோ பிடித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்று அழுதான்.

அதற்குப் பிறகு கட்டில்தான். பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடப்பார். ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பார். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து, "இத்தன வருசம் ஓடுன ஒடம்பு, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது வெளிச்சம் படக் கூடாதென்று ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனார்கள். பாசம்தான், வேறென்ன. நானும் கதவைச் சாத்தி, கிரைண்டர் சத்தம் கேட்காமல் துணியெல்லாம் அடைத்து, அவரைப் பொத்திப் பொத்தி வைத்தேன். ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, ரசம் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஏ புள்ள, நான் இருந்து என்ன ஆகப் போகுது?"

என் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலமே மகளை வரவழைத்து மதுரைக்குக் கூட்டிப்போனோம். இனிமேல் என் வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைதான், இந்த ஆளை அந்தக் கேள்விக்குத் திரும்பப் போகவிடக் கூடாது என்று பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துகொண்டேன்.

மனநல டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். பைக் கழுவினதும் வியாதிதான், கட்டிலில் கிடப்பதும் அதே வியாதிதான் என்றார். எனக்குத் தலை சுற்றியது. "மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது. ஆனா மாத்திரை மட்டும் போதாதும்மா. தூக்கம் கெட்டா மனசு கெடும், மனசு கெட்டா தூக்கம் கெடும். தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கணும், ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும். பகல்ல படுக்கக் கூடாது. காலை வெளிச்சத்துல நல்லா வேர்க்க நடக்கணும். மறுபடி தூங்காம ரொம்ப உற்சாகமா இருந்தாருன்னா, சந்தோஷப்படாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க." நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நடப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம் என்று நினைத்தேன், என் கிரகம்.

மாத்திரை உள்ளே போய்க் கொஞ்சம் எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும், முதல் நாள் அவரைக் குளிப்பாட்டி, செருப்பு மாட்டி, ரோட்டில் இறக்கிவிட்டேன். மாவுக்கு உளுந்து கழுவிக்கொண்டிருக்கிறேன், பைக் சத்தம் கேட்கிறது. பார்த்தால் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார். கால் தரையில்லாத இடத்தில் பிரேக் மிதிக்கிறது. ஓட்டிவந்தவர், "பாவம் மதினி, அண்ணன் நடந்து வந்துக்கிட்டு இருந்தாக" என்று ஏதோ காணாமல்போன பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் டீக்கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்து ஸ்ட்ராங்காக டீ போட்டுக் கொடுத்தே அனுப்பியிருந்தார். அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

சரி, நானும் கூடப் போவோம் என்று கிளம்பினேன். அது இன்னும் மோசம். பொம்பளையும் நடக்கிறாள் என்றதும் லோடு ஆட்டோவே நின்றது. பஸ்களோ சொல்லவே வேண்டாம். ஊரறிந்த டிரைவர் அல்லவா, கை காட்டாமலே நிற்கும். அந்தக் கண்டக்டர் தம்பி இப்போது லைசென்ஸ் எடுத்து, இவர் ஓட்டிய அதே பஸ்ஸை ஓட்டுகிறான். எங்களைக் கண்டதும் பிரேக் போட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டுவான்.

"அண்ணே, ஏறுங்க. நம்ம வண்டிண்ணே!"

"ஏலே, போயிரு. டாக்டர் நடக்கச் சொல்லிருக்காக" என்று நான் கத்துவேன்.

"டாக்டருக்கு நம்ம ஊரு வெயிலு தெரியுமா மதினி? அண்ணே, ஏறுங்கண்ணே."

இவர் என் முகத்தைப் பார்ப்பார், அவன் முகத்தைப் பார்ப்பார், ஏறிவிடுவார். மாட்டேன் என்று சொல்லுகிற தெம்பு அப்போது அவரிடம் இல்லை. ஊருக்குள் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் பைக்கை விற்றுவிட்டோமாம். இல்லையில்லை, வண்டிச் சாவியை நான் ஒளித்து வைத்துக்கொண்டு அவரை வெயிலில் நடக்கவிட்டுக் கொடுமைப்படுத்துகிறேனாம். என் நாத்தனார் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து விசாரிக்கவே வந்துவிட்டாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஆடி பிறந்தது. சாத்தூர்ப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக எங்கள் வீட்டைத் தாண்டிப் போகத் தொடங்கியது. மாவு விற்றுக்கொண்டே பார்க்கிறேன். ஏறச் சொல்லி ஒரு பைக்காவது நிற்க வேண்டுமே! பஸ் விலகிப் போகிறது. லாரி ஹார்ன் கூட அடிக்கவில்லை. நிறுத்துகிறவர்கள் தண்ணீர் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்கிறார்கள். இந்த ஊரில் ஒரு மனிதன் நிம்மதியாக நடக்க வேண்டுமென்றால் மஞ்சள் கட்ட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே போய் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் சேலையும் வாங்கிவந்தேன். சாமி அலமாரி முன்னால் நின்று, "ஆத்தா, கோச்சுக்காத. ஒனக்கு வேசம் போடல, இந்த மனுசனுக்காகப் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ரோடு எங்களுடையது. அந்தத் தம்பி பஸ்ஸை மெதுவாக்கினான், மஞ்சளைப் பார்த்தான், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரும் பார்த்தார். உதடு லேசாகக் கோணியது. சிரிப்பென்று சொல்ல முடியாது, ஆனாலும் நான் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன்.

ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். எழுந்திருக்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்த காலைகள் உண்டு. அப்படி ஒரு நாள் வேட்டியைக் கட்டிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "மஞ்ச வேட்டியோட குப்புறப் படுத்திருக்கீகளே, ஆத்தா பாத்தா என்ன நெனப்பா? வேண்டுதலுக்கு உருளப் போறாருன்னுல்ல நெனப்பா" என்றேன். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து திருப்பிப் பார்த்தால் சிரிக்கிறார். அதற்கப்புறம் எழுந்து, மல்லிக்காட்டு முக்கு வரைக்கும்தான் நடந்தார். அன்றைக்கு அது போதும்.

நடந்து வேர்த்து வந்தால் பசி வந்தது. பகலில் கண் சொருகும்போதெல்லாம் நான் எதையாவது வேலை கொடுத்துவிடுவேன். உளுந்து பொறுக்கச் சொல்வேன், கிரைண்டர் கல்லைத் தூக்கச் சொல்வேன். "இவ ஒரு போலீஸ்காரி" என்று முணுமுணுப்பார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார் பாருங்கள், மகள் பரீட்சையில் பாஸான அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. படுத்தபின் கால் மட்டும் பிரேக்கைத் தேடும். அரைத் தூக்கத்தில் மிதித்து மிதித்து முழித்துக்கொள்வார். ஆழ்ந்த தூக்கம் என்ற ஒன்று வரவே இல்லை. அது வராமல் நான் எதையும் நம்பத் தயாராக இல்லை.

இதற்கிடையில் என் பொய் வளர ஆரம்பித்தது. "எந்தக் கோயிலுக்கு மதினி?" என்று கேட்டவர்களிடம் வேறு வழியில்லாமல் சாத்தூர்ப் பக்கத்து ஆத்தாளைச் சொல்லியிருந்தேன். "இப்பமே நடந்து பழகுறோம், கடைசி வெள்ளிக்குப் போவோம்" என்று சேர்த்தும் விட்டேன். விடுவார்களா? முழங்கால் வலிக்காரர் ஒருவர் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், எங்கள் காணிக்கையோடு சேர்த்து ஆத்தாளுக்குப் போடச் சொல்லி. எதிர்வீட்டுக்காரி தன் அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று தகட்டில் செய்த கண்மலர் வாங்கிக் கொடுத்தாள். சாவியை ஒளித்துக் கொடுமைப்படுத்துகிறேன் என்று விசாரிக்க வந்த நாத்தனார்கூட ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். சாமி அலமாரியில் பொட்டலம் நிறைந்துவிட்டது.

"என்னங்க செய்ய? ஊரு பூரா நம்பிக் குடுத்துட்டாக" என்றேன்.

அவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கண்மலரை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினார்.

"அப்பப் போவோம்" என்றார்.

அந்த வேப்பமரத்தடிக்குப் பிறகு அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது. நான் அடுப்படிக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்து நடக்கவே கூடாது, வெயில் ஏறுமுன் நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது என்று நிபந்தனை போட்டு அனுப்பினார். எல்லாரும் ராத்திரியில் குளிர்ச்சியாக நடப்பார்கள். நாங்கள் மட்டும் பொழுது சாய்ந்ததும் வழியில் ஒரு மண்டபத்தில் ஒதுங்கிப் பாயை விரித்தோம். எங்களைத் தாண்டிப் போன கூட்டம் எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருக்கும். நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் காலை, மோர் கொடுக்கிற பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண், எங்கள் வயதுதான், காலில் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள், "என்ன வேண்டுதல்ணே?"

மகளுக்காக என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தூக்கம் வரணும்னு. மனசு சரியில்லாமப் போச்சு. தூக்கமும் போச்சு. டாக்டர்ட்ட காட்டுறோம். அதான் நடக்குறேன்."

ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் சர்க்கரை, பிரஷர் என்று சொல்லி நான் மூடி வைத்திருந்ததை மோர்ப்பந்தலில் இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே! அந்தப் பெண் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குந்தேன்ணே" என்றாள். "எந்த டாக்டரு?"

டாக்டர் இருக்கிற தெருவையும் போகிற பஸ்ஸையும் அவர் விலாவாரியாகச் சொன்னார். அத்தனை பேச்சு அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. நான் இன்னொரு டம்ளர் மோர் வாங்கி அந்தப் பெண் பக்கம் நகர்த்தி வைத்தேன். மறைக்கச் சொன்னது யார், நான்தானே.

கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பொட்டலங்களையெல்லாம் அவரவர் பெயரைச் சொல்லிப் போட்டோம். கண்மலரை அவரே உண்டியலில் போட்டார். எங்களுக்கென்று ஒரு பொட்டலமும் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, ஆத்தாளுக்குத் தெரியாதா.

திரும்புவதற்குச் சாத்தூரில் பஸ் ஏறினோம். நம்ம தம்பி ஓட்டுகிற பஸ்தான். இப்போது ஏறலாமல்லவா, வேண்டுதல் முடிந்துவிட்டது. அவனுக்கு ஒரே கொண்டாட்டம். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி எங்களை உட்காரவைத்தான். பஸ் கிளம்பியது. நான் வழக்கம்போல அவருடைய வலது காலைப் பார்த்தேன். முதல் வளைவில் மிதித்தது. ஒரு மாட்டுவண்டிக்கு மிதித்தது. பந்தல்குடி தாண்டுகிற வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தது என்றுதான் நினைக்கிறேன், நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

தோளில் கனம் விழுந்ததும் திரும்பினேன். வாய் திறந்திருக்கிறது. குறட்டை. வேட்டியெல்லாம் புழுதி, நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து ஓடுகிறது. கண்ணாடியில் தம்பியும் பார்த்துவிட்டான். பேச்சை நிறுத்திக்கொண்டு, பாட்டை அணைத்தான்.

பட்டப்பகல். டாக்டரம்மா சொன்ன சட்டப்படி நான் அவரை உலுக்கி எழுப்பியிருக்க வேண்டும். இத்தனை மாதமும் உளுந்தைக் கொடுத்துக் கொடுத்து எழுப்பிய போலீஸ்காரி நான். கையைத் தூக்கினேன். அவர் காலைப் பார்த்தேன். கை அப்படியே மடியில் விழுந்தது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எழவில்லை. கொய்யாப்பழக்காரி காதுக்குள் கத்தினாள். எழவில்லை. திருச்சுழி ரோட்டில் எங்கள் வீட்டு ஸ்டாப் வந்தது. தம்பி பஸ்ஸை உருட்டி உருட்டிக் கொண்டுபோய், குலுக்காமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் போ என்று கையைக் காட்டினேன். புதுக் கண்டக்டர் பையன் குழம்பிப்போய் வந்து நின்றான்.

"அக்கா, ஒங்க டிக்கெட்டு இங்கதான் முடியுது."

"பரளச்சிக்கு ரெண்டு குடு."

"பரளச்சில என்னக்கா ஜோலி?"

"ஒரு ஜோலியும் இல்ல. சத்தம் போடாமக் குடு."

திருச்சுழி போனது. வெயில் ஜன்னல் வழியாக அவர் மடியில் விழுந்துகிடந்தது. பரளச்சிக்கு முந்தின வளைவு வந்தது, வேப்பமரம் வந்தது. எதிரே ஒரு லாரி வந்துவிட, தம்பி பிரேக் போட்டான். பஸ்ஸில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். அவர் கால் அசையவே இல்லை. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன்.

கண்டக்டரைக் கூப்பிட்டு, திரும்பி வருவதற்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.